தெரியாத கம்பு

விடிகாலை நாலரை மணி. மண்டபம் பேருந்து நிறுத்தத்தில் ஒன்பது பிள்ளைகள், ஒன்பது சிலம்பக் கம்புகள். கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும் என்பது எங்கள் கூடத்து அளவு. அதனால் ஒன்பதும் ஒன்பது நீளம். நைலான் கயிற்றால் இரண்டு இடத்தில் சேர்த்துக் கட்டிப் பெரியவன் தோளில் வைத்திருந்தான். பேருந்து வந்ததும் நடத்துநர் எட்டிப் பார்த்து, "இதை எங்கப்பா வைக்கச் சொல்றே?" என்றார். நடைபாதையில் நீளவாக்கில் படுக்கப் போட்டு, ஏறுகிறவர்கள் மிதிக்காமல் இருக்க இரண்டு பிள்ளைகளைக் காவலுக்கு உட்கார வைத்தோம். உச்சிப்புளி தாண்டுவதற்குள் ஏழு பேர் தூங்கிவிட்டார்கள்.

அன்று எங்களோடு வந்த ஒரு தகப்பனார், விசைப்படகில் கூலிக்குப் போகிறவர், பக்கத்து இருக்கையில் இருந்து கேட்டார். "தம்பி, புள்ளை தன்னைத் தானே காப்பாத்திக்கணும்னுதான் உங்ககிட்ட சேத்துவிட்டேன். கத்துக்கிட்டாப் போதாதா? போட்டி, கப்பு இதெல்லாம் எதுக்கு?"

அவர் கேட்டதில் தப்பில்லை. பேருந்துச் சத்தத்தில் பாதிதான் பதில் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது எங்கள் கூடத்தில் என்னை அடிக்க ஆள் கிடையாது. மூன்று வருடப் பயிற்சி. கூடம் என்றால் கட்டடம் இல்லை, பனைமரங்களுக்கு நடுவில் கடற்கரை மணல். காற்றைப் பார்த்து இடம் மாறும். சோழகக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பக்கம் நிற்க முடியாது, வடகடல் பக்கம் போவோம். வாடை திரும்பியதும் மறுபடி தென்கரை. படகுகள் எந்தப் பக்கம் ஒதுங்குகின்றனவோ நாங்களும் அந்தப் பக்கம். ஆசான் கடல்தொழில் செய்தவர். ஒரு ரூபாய் வாங்கியதில்லை. வெற்றிலையும் பாக்கும் வைத்துக் கம்பைத் தொட்டுக் கும்பிட்டால் பாடம் ஆரம்பம்.

முதல் போட்டி இராமநாதபுரத்தில். எதிரே நின்றவன் தூத்துக்குடிப் பக்கத்துப் பையன். என்னைவிட ஒரு சாண் குட்டை. வணக்கம் சொல்லிக் கம்பு எடுத்தோம். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அவன் கம்பு மூன்று தடவை என்னைத் தொட்டது. மூன்றும் ஒரே இடத்தில், இடது முழங்காலுக்குக் கீழே. முதல் தடவை பட்டதும் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதில் கோபம் வந்தது. மூன்றாவது எப்படி உள்ளே வந்தது என்றே தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து ஓரமாக உட்கார்ந்திருந்தபோது அவனே வந்தான். "அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க பின்னாடி கால் எடுக்கும்போது வலது கால் வந்துருது, இடது கால் மட்டும் அங்கேயே நிக்குது. இந்தா, இப்படி" என்று நடந்து காட்டினான். அவன் காட்டிய நடையைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அது எங்கள் ஆசானின் நடை.

ஆசானுக்கு இடது கால் ஊனம். இளவயதில் நங்கூரக் கயிற்றில் சிக்கி இழுபட்ட கால். காலடி வைக்கும்போது அந்தக் கால் ஒரு கணம் தயங்கித்தான் கிளம்பும். மூன்று வருடம் அவர் காலைப் பார்த்துப் பார்த்து, நான் மட்டுமில்லை, கூடத்தில் இருந்த பதினைந்து பேரும் அந்தத் தயக்கத்தையும் சேர்த்துக் கற்றிருந்தோம். எல்லோருக்கும் அதே நடை என்பதால் ஒருவர் கண்ணுக்கும் அது குறையாகத் தெரியவில்லை. போதாததற்கு மணல். மணலில் எல்லாருடைய காலும் கொஞ்சம் புதைந்துதான் எழும். கெட்டித் தரையில், வேறு ஊர்ப் பையன் முன்னால் நின்றபோதுதான் அது வெளியே வந்தது.

ஊருக்குத் திரும்பி ஆசானிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கூட வந்த பையன் சொல்லிவிட்டான். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "இனிமே என் காலைப் பாக்காதீங்கப்பு. நான் சொல்றதைக் கேட்டு நீங்களா வைங்க" என்றார். அதன் பிறகு ஆறு மாதம் கம்பையே தொடவிடவில்லை. வெறும் காலடி. கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு.

போட்டி எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தூத்துக்குடிப் பையன்தான். கூடத்துக்குள் எல்லாரும் தெரிந்த கை. இவன் மேலே வீசினால் அடுத்தது கீழ்வெட்டு வரும், அவள் மூச்சை இழுத்தால் குத்து வரும் என்று பழகிவிடுகிறோம். தடுக்கிறோம், நமக்குத் தடுக்கத் தெரியும் என்று நம்புகிறோம். உண்மையில் தடுத்தது நம் ஞாபகம். தெரியாத கம்பு எதிரே வரும்போதுதான் கண்ணும் காலும் வேலை செய்கின்றனவா என்று தெரியும். அந்தத் தகப்பனார் கேட்ட தற்காப்பும் இதுதானே. தெருவில் வம்புக்கு வருகிறவன் நம் கூடத்துப் பிள்ளையாக இருக்கப்போவதில்லை.

"விதியெல்லாம் போட்டு, இங்கே அடி அங்கே அடிக்காதே என்று கட்டிப்போட்டு ஆடுவது சண்டையா?" என்று பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் இருந்தது. அதை மாற்றியது ஜூடோவின் கதை. ஜிகோரோ கானோ 1882-ல் டோக்கியோவில் கோடோகான் பள்ளியைத் தொடங்கியபோது, ஜப்பானின் பழைய தற்காப்புக் கலையான ஜூஜுட்சுவில் ஆளை முடமாக்கக்கூடிய பிடிகளை, இரண்டு பேர் நிஜமாகவே மோதிப் பழகுகிற பயிற்சியிலிருந்து விலக்கிவைத்தார். ஆபத்தான அடியைப் பாவனையாகத்தான் பழக முடியும்; எதிராளி ஒத்துழைக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால், மீதி இருப்பதை இரண்டு பேரும் முழு பலத்தோடு, முழு எதிர்ப்போடு, தினம் தினம் செய்யலாம். இன்று செய்து நாளையும் எழுந்து வரலாம். கராத்தேயிலும் இதே கணக்குதான். உலகக் கராத்தே சம்மேளன விதியில் கைக்குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு 2, தலைக்குப் போகும் உதைக்கு 3. எட்டுப் புள்ளி இடைவெளி வந்தால் ஆட்டம் அத்தோடு முடிந்தது. அடியைக் கட்டுப்படுத்துவதையும் சேர்த்துத்தான் நடுவர் புள்ளி போடுவார்.

சிலம்பத்தில் தொடுமுறை அதற்கு ஈடானது. அடித்து வீழ்த்த வேண்டியதில்லை, கம்பின் நுனி எதிராளி உடம்பில் பட்டால் போதும். ஒரு காலத்தில் நுனியில் சாம்பலோ மையோ பூசி, ஆட்டம் முடிந்ததும் உடம்பில் விழுந்த பொட்டுகளை எண்ணுவார்கள் என்று ஆசான் சொல்வார். இப்போது தலைக்கவசம், மார்புக் கவசம், நடுவர்கள். விதி சங்கத்துக்குச் சங்கம் கொஞ்சம் மாறும். ஆனால் தொடுவதற்காக ஒருவன் முழு வேகத்தில் வருகிறான், நான் முழு வேகத்தில் விலகுகிறேன். அதில் பொய் இல்லை. கூடத்தில் அலங்கார வீச்சு ஆயிரம் சுற்று சுற்றினாலும் இது கிடைக்காது. (அலங்கார வீச்சை நான் குறைத்துச் சொல்லவில்லை. காற்றுக்கு எதிரே நின்று கம்பு சுற்றும்போது வருகிற அந்தச் சத்தத்துக்காகவே நான் இந்தக் கலைக்கு வந்தேன்.)

பயத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் கூடத்தில் ஒரு பெண்பிள்ளை. ஒன்பதாம் வகுப்பு. கூடத்தில் அவள் கால் தரையில் படுகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவு வேகம். முதல் போட்டியில் களத்துக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். கம்பு கையில் இருக்கிறது, கண் திறந்திருக்கிறது, ஆனால் அவள் அங்கே இல்லை. வெளியே வந்ததும், "மாஸ்டர், நீங்க கத்துனது எதுவுமே கேக்கலை. அவ கம்பு மட்டும்தான் தெரிஞ்சுது. வேற எல்லாம் இருட்டா இருந்துச்சு" என்றாள். உடம்பு ஆபத்து என்று எண்ணிவிட்டால் இப்படித்தான். அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாக அடிக்கும், வாய் உலரும், விரல் குளிரும், பார்வை ஒரு குழாய் போலக் குறுகும். சின்ன வேலைகளைச் செய்கிற விரல் நுணுக்கம் போய்விடும். புத்தகத்தில் படித்து இதற்குத் தயாராக முடியாது. பலமுறை அதற்குள் போய் வர வேண்டும். யாரும் கொல்லப்போவதில்லை என்று தெரிந்த ஓர் இடத்தில் அந்தப் பயம் முழுசாக வருகிறது பாருங்கள், களத்தின் பெரிய கொடை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் அம்மா கடலில் பாசி எடுக்கிறவர். கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி, பாறைகளில் இருந்து பறித்து வருகிற வேலை. மகள் உறைந்து நின்றதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. "கடலுக்குள்ள முங்குற ஒவ்வொரு தடவையும் பயம் வரத்தான் செய்யும் தம்பி. பயத்தோட முங்குனா மூச்சு சீக்கிரம் தீந்துரும். மேலயே கொஞ்ச நேரம் கிடந்து, மூச்சை மெதுவா, நீட்டமா வெளிய விடணும். நெஞ்சு அடங்கினதும் போகணும்." வெளிமூச்சை நீட்டினால் இதயத் துடிப்பு தணியும் என்பதை விளையாட்டு மருத்துவர்களும் சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அம்மா சொன்னதுதான் போய்ச் சேர்ந்தது. அடுத்த போட்டியில் குரு வணக்கம் செய்து குனிந்தவள், நிமிர்வதற்குக் கூடுதலாக இரண்டு மூச்சு எடுத்துக்கொண்டாள். எனக்கு மட்டும்தான் அது ஏன் என்று தெரியும். இப்போது கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த இரண்டு மூச்சு பாடத்தில் சேர்ந்துவிட்டது.

அன்றும் அவள் ஜெயிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் ஒரு புள்ளியில் போனது. அந்த ஒரு புள்ளியை அவளே கொடுத்தாள். எதிராளியின் கம்பு அவள் விலாவில் லேசாகப் பட்டது. நடுவர் அந்தப் பக்கம் மறைவில் இருந்தார், கொடி தூக்கவில்லை. ஆட்டம் தொடர்ந்திருக்கும். இவள் கையைத் தூக்கி, "பட்டுச்சு சார்" என்றாள். நடுவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் தலையாட்டினாள். வெளியே வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்: "பட்டது எனக்குத் தெரியும்ல மாஸ்டர்."

அப்படி ஒரு வாய்ப்பு கூடத்தில் அமைவது அரிது. பொய் சொல்ல ஆசைப்படுகிற அளவுக்குப் பெரிதாக அங்கே எதுவும் இருக்காது. பதக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது சொல்கிற உண்மைக்குத்தான் எடை. இப்படி ஒரு இடத்தைப் பிள்ளைகளுக்கு அமைத்துக் கொடுக்கிறது என்பதற்காகவே போட்டிகளை நான் மதிக்கிறேன்.

சரி, எல்லாப் போட்டியும் இப்படியா? இல்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெயர் தேசிய அளவு. தலைக்குக் கணிசமான நுழைவுக்கட்டணம். போய்ப் பார்த்தால் ஒரு பிரிவுக்கு மூன்று பேர், மூன்று பேருக்கும் பதக்கம். ஆடாமலே வெண்கலம் வாங்கிக்கொண்டு வந்தான் எங்கள் பையன் ஒருவன். அவன் முகத்தில் சந்தோஷம் இல்லை. அவன் அம்மா மீன் விற்ற காசு அது. அன்றிலிருந்து, நடத்துகிற சங்கம் அரசு அங்கீகாரம் பெற்றதா, ஒரு பிரிவில் எத்தனை பேர் ஆடுகிறார்கள், மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்காமல் ஒரு பைசா கட்டுவதில்லை. பெற்றோர்களும் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள். தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் இன்று சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் சிலம்பம் செயல்விளக்கப் போட்டியாக இடம்பெற்றது. சான்றிதழுக்கு மதிப்பு கூடக் கூட, மதிப்பில்லாத சான்றிதழை விற்கிறவர்களும் கூடுவார்கள்.

இன்னொன்று, எடை. ஒரு பிரிவு கீழே இறங்கி ஆடினால் ஜெயித்துவிடலாம் என்று வளரும் பிள்ளையைப் பட்டினி போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர்கூடக் குடிக்கவிடாமல், இராமநாதபுரத்து வெயிலில். இதைச் செய்கிற யாரையும் ஆசான் என்று சொல்ல என் வாய் வராது. அதேபோல் தலையில் அடிபட்டு ஒரு பிள்ளை தடுமாறினால், முழித்துக்கொண்டு பார்த்தால், சொன்னதையே திரும்பச் சொன்னால், அன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரி. மூளை அதிர்ச்சி சந்தேகம் வந்தால் அதே நாளில் திரும்ப இறக்கக் கூடாது என்பது உலகம் முழுக்க விளையாட்டு மருத்துவத்தில் ஏற்றுக்கொண்ட விதி. நான் ஒருமுறை ஒரு பையனை அரையிறுதியில் வெளியே எடுத்தேன். அவன் ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பேசாவிட்டால் பரவாயில்லை, நல்லபடியாக இருந்தால் போதும்.

பெரும்பாலான போட்டிகள் மே மாதத்தில் வரும், பள்ளி விடுமுறை. எங்கள் கரையில் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வருமானம் இல்லாத மாதங்கள். பேருந்துக் காசுக்கே யோசிக்க வேண்டியிருக்கும். ஆனால் அந்த மாதங்களில்தான் தகப்பன்மார்கள் வீட்டில் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் பிள்ளை விளையாடுவதைப் பார்க்க அவர்களுக்கு நேரம் ஏது? இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டு அரங்கத்தின் படிக்கட்டில் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க வேண்டும். கீழக்கரை வள்ளலின் பெயரும் சேது நாட்டு மன்னர்களின் பெயரும் சேர்ந்திருக்கிற இடம் அது. கீழே களத்தில் தொண்டிப் பிள்ளையும் கீழக்கரைப் பிள்ளையும் தங்கச்சிமடத்துப் பிள்ளையும் ஒருவர் கவசத்தை ஒருவர் கட்டிவிட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்பிள்ளைகள் பிரிவுக்கு எப்போதும் யாராவது வேலு நாச்சியார் படம் போட்ட பேனர் கொண்டுவந்துவிடுவார்கள். 1730-ல் இந்த இராமநாதபுரத்து அரண்மனையில் பிறந்து, ஆயுதப் பயிற்சி பெற்று, 1780-ல் சிவகங்கையை மீட்டவர். பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அவர் வரலாற்றுப் பாடத்தில் வருகிறவர் இல்லை, பக்கத்து ஊர்க்காரர்.

பேருந்தில் கேள்வி கேட்ட தகப்பனார் அன்று அந்தப் படிக்கட்டில்தான் இருந்தார். அவர் மகன் முதல் சுற்றிலேயே தோற்றான். எதிராளி தேவிபட்டினம் பக்கத்துப் பையன். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேரும் மரத்தடிக்குப் போய், கம்பைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையால் அந்தக் கடைசித் தொடுதலைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் ஏன் அந்தப் பக்கம் திரும்பினான், அவன் எங்கே இடைவெளி பார்த்தான் என்று. தகப்பனார் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து ஆளுக்கொரு சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு பக்கத்துக் கரை ஊர்களின் கூடங்கள் ஒன்றோடொன்று பிள்ளைகளை மாற்றிக்கொள்கிறோம். பதக்கம் இல்லை, கட்டணம் இல்லை. நடுவர் மட்டும் மூன்றாவது ஊர்க்காரர். என் பிள்ளைகளிடம் என் நடையில் எந்தக் குறை ஒட்டியிருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது. வருகிற ஞாயிறு தொண்டிப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் வருகிறார்கள். சிமெண்டுத் தரையைக் கூட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.